முன் வாங்கில் ஓர் எதிரி

"இவர்தான் ஐயா!"

சாட்சிக் கூட்டில் நின்ற புஸ்பத்தின் சுட்டுவிரல் நீண்டது. மேல் நீதிமன்றமே அந்த விரலோடு சேர்ந்து திரும்பியது. விரல், குற்றம் சாட்டப்பட்ட எதிரி நிற்கும் கூண்டைத் தாண்டியது. சட்டத்தரணிகளின் மேசையைத் தாண்டியது. பொதுமக்கள் குந்தியிருக்கும் நீள வாங்குகளில் முன் வாங்கில், மின்விசிறிக்கு நேர்கீழே கைகட்டிக்கொண்டிருந்த உதயரூபனின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

உதயரூபன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின் வாங்கில் ஒரு குஞ்சும் இல்லை.

அவன் தன்னாமுனைக்காரன். ஓட்டோ ஓட்டுகிறவன். இந்த வழக்குக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எப்போதோ ஒரு நாள் சவாரியை வாசலில் இறக்கிவிட்டு, வெயிலுக்கு ஒதுங்க உள்ளே நுழைந்தான். அப்போது போய்க்கொண்டிருந்தது இந்த வழக்கு. ஆரையம்பதியில் தனியாக இருந்த புஸ்பத்தின் வீட்டுக்குள் கத்தியோடு புகுந்த கள்ளன், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வாங்கினான். வாங்கியவன் ஓடவில்லை. "ஒரு பிளேன்டி ஊத்துங்க" என்று கேட்டு, கதிரையில் இருந்து அந்தப் பால் இல்லாத தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துவிட்டுத்தான் போனான்!

அன்று பிடித்த பைத்தியம். வழக்கைக் கூப்பிடும் நாளெல்லாம், தவணைக்குத் தவணை, உதயரூபன் வந்துவிடுவான். கேட்டதை ஓட்டோ ஸ்டான்டில் மற்றவர்களுக்கு நடித்தும் காட்டுவான்.

"கோட்டுக்குப் போறது கள்ளனும் லோயரும்தான். நீங்க எதில சேர்த்தி?" என்று மனைவி மேனுகா கேட்டாள். அவன் அசையவில்லை.

இன்று காலையில் ஸ்டான்டில் ஹில்மி வேறு மிரட்டியிருந்தான். "மச்சான், முடிவக் கேட்டுட்டு வா. முடிவில்லாம வந்தா இவடத்த ஓட்டோவப் போட விடமாட்டன்."

முடிவு! உதயரூபனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இப்போது அந்த முடிவு அவனையே விரல் நீட்டிக் கூப்பிடுகிறது.

"ஐயா, எதிரி நான்தான்!" கூண்டுக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது. நிதுர்ஷன். பொலிஸ் பிடித்தபோது மீசை வைத்த ஒல்லிப் பொடியன். பிணையில் இருந்த காலத்தில் கலியாணம் கட்டி, தொப்பை வண்டி வைத்து, மீசையையும் மழித்துவிட்டிருந்தான். தன்னை ஒருவரும் கவனிக்கவில்லையே என்ற மனத்தாங்கல் அவன் குரலில் இருந்தது.

அவனுடைய சட்டத்தரணி பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாய மூடும் ஐசே! நல்லாப் போகுது, கெடுக்காதேயும்!"

அரச சட்டத்தரணிக்கு வியர்த்தது. "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் கிறுகிப் பாருங்க..."

"சாட்சிக்குக் கூண்டைக் காட்ட வேண்டாம்" என்றார் நீதிபதி. "அம்மா, முன் வாங்கில் இருப்பவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்ன ஐயா? ஒவ்வொரு தவணைக்கும் கன்டீன்ல எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தாறவர். செஞ்ச பிழைக்கு மனம் கேக்குதில்ல, பாவம். குடிக்கிறதப் பாத்தாலே தெரியும். அதே ஊதல்!"

கதையில் விட்ட இடங்களைக் கேட்டு அறியத்தான் உதயரூபன் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். எழும்பி நின்று கத்திவிட்டான்:

"ஐயா! அந்தக் கள்ளன் சீனி போடாமக் குடிச்சவன்! நான் சீனி அள்ளிப் போட்டுக் குடிக்கிறவன்!"

"கள்ளன் சீனி போடவில்லை என்பது உமக்கு எப்படித் தெரியும்?" என்றார் நீதிபதி.

"பொலிஸ் சாட்சியில சொன்னதுதானே ஐயா. கத்தி வலக்கையில, கோப்பை இடக்கையில. போகக்குள்ள கோப்பையக் கழுவி வச்சிட்டுத்தான் போனவன்."

"கழுவினவனா? அத நான் பொலிசுக்குச் சொல்லவே இல்லையே!" என்றாள் புஸ்பம். "இவருக்கிட்ட மட்டும்தான் சொன்ன!"

பொலிஸ்காரர் ஒருவர் உதயரூபனின் பக்கத்தில் மெல்ல வந்து நின்றார். இரண்டு சட்டத்தரணிகளும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். இந்த மனிதர் தனக்குச் சாட்சியாக வேண்டும் என்றார் ஒருவர். இல்லை, தனக்குத்தான் என்றார் மற்றவர்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உம்மைச் சாட்சியாகச் சேர்க்கிறேன். சாட்சிகள் தங்கள் முறை வரும்வரை மன்றத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே நடப்பதைக் கேட்கக் கூடாது."

கள்ளன் என்று சொன்னபோதுகூட உதயரூபன் இப்படிக் கதறவில்லை.

"ஐயா, அப்பிடிச் செய்யாதீங்க! என்னக் கூண்டிலயாவது ஏத்துங்க ஐயா! எதிரியெண்டா எல்லாத்தையும் நிண்டு கேக்கலாம்தானே!"

"வாங்கண்ணே" என்று நிதுர்ஷன் கூண்டுக்குள் ஒதுங்கி இடம் விட்டான்.

பொலிஸ்காரர் உதயரூபனை அணைத்தபடி வெளியே கொண்டுபோய் விட்டார்.

அடுத்த தவணை. வெளி வாங்கில் உதயரூபன். உள்ளே, அவனுடைய இடத்தில், அவனுக்குப் பதிலாக ஹில்மி. "ஒரு சொல்லு விடமாட்டன்" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போயிருந்தான். சாத்திய கதவுக்குப் பின்னால் ஏதோ வாசிக்கும் குரல் கேட்டது. ஒருமுறை எல்லாரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள்? உதயரூபன் கதவருகே காதைக் கொண்டுபோனான். பொலிஸ்காரர் கையைக் காட்டித் திரும்பவும் இருத்தினார்.

கதவு திறந்தது. ஹில்மி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"என்ன மச்சான் நடந்த?"

"அந்த ஃபேனுக்குக் கீழ இருந்தா, மௌத்தாப் போனவன் மாதிரி நித்திர வருது மச்சான். எல்லாரும் எழும்பினாங்க, நானும் எழும்பினன்."

உதயரூபன் அவனை அடிக்கவில்லை. அடித்தால் அதற்கும் வழக்கு வரும். ஓட்டோவில் போய்க் குந்திக்கொண்டான்.

"ஆரையம்பதிக்கு வாறியா மனே?"

புஸ்பம்! குடையை மடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஏறட்டா? கத்தி கித்தி வச்சிரிக்கியா?"

"ஐயோ, இல்லக்கா. ஏறுங்க. தீர்ப்பு என்னவாம்?"

"உன்ன விட்டுட்டாங்க மனே!"

"என்னையா?"

"ஓம். நான் உன்னக் காட்ட, கூண்டில வேற ஆள் நிண்டா வழக்கு நிக்காதாம். உன்ட சாட்சியும் தேவையில்லையாம். அந்தத் தம்பி வீட்ட போயிட்டான். சங்கிலி போனது போனதுதான். இனியாச்சும் ஒழுங்கா இரி."

"சரியக்கா. ஜட்ஜ் ஐயா எப்பிடித் தொடங்கினார்? எதுக்குச் சிரிச்சாங்க? ஒண்டும் விடாமச் சொல்லுங்க."

"உன்னப் பத்தி வாசிக்கக்குள்ளதான் சிரிச்சாங்க. கேளு..."

கல்லடிப் பாலம் வந்தது. வாவிக் காற்று முகத்தில் அடித்தது. பின்னால் வந்த பஸ் ஹோர்னை அழுத்திப் பிடித்தது. உதயரூபன் வேகத்தை இன்னும் குறைத்தான். ஆரையம்பதி வந்துவிட்டால் அக்கா இறங்கிவிடுவாள். தீர்ப்போ பாதியில்தான் நிற்கிறது.