வடக்கே வைத்த தலை

எடமலைப்பட்டி புதூரில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக்குள் சூரியன் எட்டிப் பார்த்ததே கிடையாது. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். திசை தெரிய வேண்டுமென்றால் என் கணவர் ரஞ்சித்தின் போன்தான் கதி.

போன வருடம் நாலாம் மாதத்தில் எனக்குக் கரு கலைந்தது. யார் மேலும் தப்பில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஜீயபுரத்திலிருந்து வந்த மாமியார் ராக்கம்மாள் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தலை எந்தப் பக்கம்டா?"

ரஞ்சித் போனில் திசைகாட்டியைத் திறந்து தலையணை மேல் வைத்தார். வடக்கு என்றது.

"மறந்தும் வடக்க தலை வைக்காதேன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். புள்ளைய இப்படி வாரிக் குடுத்துட்டியேடி!"

அன்றைக்கே கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டோம். எனக்கு வாய் நீளம். யாருக்கும் சளைக்காமல் பதில் சொல்வேன். அன்று மட்டும் அத்தை சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். என் பிள்ளையை நானே தின்றுவிட்டேன் என்று அடிவயிற்றில் ஒரு கல் உட்கார்ந்துகொண்டது. மறுபடி கரு தங்கிய பிறகும் அது கரையவில்லை.

இப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு வளையல் வாங்க ஸ்ரீரங்கம் போனோம். ராஜகோபுரத்துக்கு முன்னால் அதைப் பார்த்து நின்றுகொண்டு மேப்பில் கடையைத் தேடினார் ரஞ்சித். அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டியது. திசைகாட்டியைத் திறந்தால், கோபுரம் இருக்கும் பக்கம் தெற்காம்!

"பெருமாள் தெற்கே பார்த்துல்ல படுத்திருக்காரு! கோபுரத்தைப் பார்த்து நின்னா நாம பார்க்கிறது வடக்குங்க," என்றேன். "உங்க போனுக்கும் மசக்கையா?"

ஒருவழியாகக் கண்டுபிடித்த கடையில், வளையல்கார நஜீமா அக்கா போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"பைக்ல மாட்டுறதுக்குக் காந்த வளையம் ஒட்டியிருக்கீங்களே தம்பி, அப்புறம் எப்படிச் சரியாக் காட்டும்? எங்க வீட்டுலயும் இதேதான். தொழுகைத் திசையே மாறிப்போச்சு. இதைக் கழட்டுங்க. லைசென்ஸுக்கு எட்டு போடுவீங்கல்ல, அது மாதிரி போனைக் கையில வச்சு எட்டு போடுங்க."

வளையத்தைக் கழற்றிவிட்டு, கடை வாசலில் நின்று நாலைந்து எட்டு போட்டார் ரஞ்சித். கோபுரத்தின் பக்கம் வடக்கு என்று வந்தது.

எனக்கு எங்கள் கட்டில் ஞாபகம் வந்தது. "அந்த வளையம் எப்ப ஒட்டினது?"

"பைக் வாங்கினப்போ. ரெண்டு வருஷமாச்சு," என்ற ரஞ்சித்துக்கும் முகம் மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தலையணை மேல் போனை வைத்தோம். வடக்கு. அப்படியானால் முதல் பிள்ளையைச் சுமந்தபோது தெற்கேதான் தலை வைத்துப் படுத்திருக்கிறேன். இந்த ஏழு மாதமும்தான் வடக்கே.

ஓவென்று அழுதேன். அவர் பதறிப்போய்க் கட்டிலைத் திருப்பப் போனார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. "அத்தைக்குப் போன் போடுங்க. புள்ளைய நான் வாரிக் குடுக்கலைன்னு சொல்லணும்."