கீழே ஆள் தூங்குது

பிள்ளைப்பாக்கத்தில் செங்கமலம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் மாடி வீட்டில் எந்நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். கும்பகர்ணன் பரம்பரை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரகடத்துக் கம்பெனிகளில் மூன்று ஷிப்ட். ஒருத்தன் எழுந்து போன பாயில் இன்னொருத்தன் வந்து விழுவான். அதனால் குடியிருக்கிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படியேறுவார்கள். அங்கே குழந்தைகள்கூடக் கிசுகிசுவென்றுதான் சண்டை போடும்.

மேல்வீட்டுப் பாண்டிச்செல்விக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். செல்போன் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை. புருஷன் சுடலைக்கண்ணுவை ஷிப்டும் ஓ.டி.யும் தின்றது போக, மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் பார்க்கலாம். ஒரே மகள் கனிஷ்கா, நாலாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் அம்மா வரும்வரை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். வெளியே விடலாமென்றால் ரோட்டில் கண்டெய்னர் லாரி, காலி மனையில் முள்ளும் நாயும். பள்ளியில் இருக்கிற ஒரே பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியார் விழுங்கிவிடுகிறார். பிள்ளைக்கு உடம்பு ஊதாமல் என்ன செய்யும்?

மகளின் கழுத்தில் கறுப்பாகப் படர்ந்ததை அழுக்கென்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாள் பாண்டிச்செல்வி. அழுக்கில்லை, சர்க்கரை எட்டிப்பார்க்கிறது என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மா சொன்னார். தினமும் வேர்க்க வேர்க்க ஓடியாட வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரைதான் என்றார் டாக்டரம்மா. எங்கே போய் ஓடுவது? லைனில் பக்கத்தில் நிற்கும் பிரவீனாதான் வழி சொன்னாள். டான்ஸ் கேம்.

டிவியில் ஒரு பொம்மை ஆடும். ஃபோனை வலது கையில் பிடித்துக்கொண்டு பொம்மை மாதிரியே ஆட வேண்டும். கை அசைவதை வைத்து ஃபோன் ஸ்டார் போடும், ஐந்து வரைக்கும். வீட்டில் கிடந்த பழைய ஃபோனில் அதை ஏற்றிக் கொடுத்தார்கள். முதல் நாள் கனிஷ்கா குதித்த குதியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மகள் அப்படிச் சிரித்துப் பாண்டிச்செல்வி பார்த்து வெகுநாளாகியிருந்தது. மூன்றாவது பாட்டுக்குள் கீழிருந்து டொக் டொக்கென்று இடி. நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த, கீழ்வீட்டுப் பசங்களில் ஒருவனான மாரிசெல்வம், ஒட்டடைக் கம்பால் தளத்தை இடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே செங்கமலம் வந்து நின்றாள். “இன்னாம்மா இது, மேல மாடு கட்டி வெச்சிக்கிறியா? பசங்க தூங்க வாணாமா? சரிப்படலன்னா வூட்ட காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு.”

அன்றைக்கு மகளை உட்காரவைத்துப் பாண்டிச்செல்வி இரண்டு சட்டம் போட்டாள். தினமும் ஆட வேண்டும். கீழே தூங்குகிற ஆளும் முழிக்கக் கூடாது. சத்தம் கேட்டால் நாமெல்லாம் நடுத்தெருவில்தான் நிற்போம். கனிஷ்கா தலையாட்டினாள். தலையாட்டுகிற பிள்ளையைக் கண்டால் பெற்றவர்களுக்கு ஒரு நிம்மதி. அந்தத் தலைக்குள் என்ன ஓடுகிறதென்று யார் பார்க்கிறார்கள்?

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கனிஷ்காவிடமிருந்து அம்மாவின் ஃபோனுக்குப் படம் வந்தது. ஐந்து ஸ்டார். மறுநாளும் ஐந்து. வேலை முடிந்து லாக்கரைத் திறந்ததும் பாண்டிச்செல்வி முதலில் அதைத்தான் பார்ப்பாள். பஸ்ஸில் பிரவீனாவிடம் காட்டிப் பெருமையடிப்பாள். கீழிருந்து இடியும் இல்லை.

ஆனால் அடுத்த தடவை டாக்டரம்மா பார்த்தபோது எடை கூடியிருந்தது. பிள்ளை ஆடுவதே இல்லையா என்று கேட்டதுதான் தாமதம், பாண்டிச்செல்வி ஃபோனை அவர் மூக்குக்கு நேரே நீட்டிச் சண்டைக்கே போய்விட்டாள். டாக்டரம்மா படங்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

“ஸ்டார் இருக்கட்டும்மா. புள்ளைக்கு வேர்க்குதா?”

அந்தக் கேள்வி அவளைக் குடைந்தெடுத்தது. வேர்க்கிறதா இல்லையா என்று அவள் எங்கே கண்டாள்? பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஆறரை மணி. அரிசியைச் சந்தேகப்பட்டாள், எண்ணெயைச் சந்தேகப்பட்டாள். மூன்று தோசையை ஒன்றாக்கினாள். கனிஷ்கா அதற்கும் தலையாட்டினாள்.

இப்படியிருக்கையில் ஒருநாள் உதிரிபாகம் வந்து சேராமல் லைன் நின்றுவிட்டது. கம்பெனி பஸ் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பியது. பாண்டிச்செல்வி வழக்கம்போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறி, ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். டிவியில் பொம்மை வானத்துக்கும் பூமிக்கும் குதித்துக்கொண்டிருந்தது. கனிஷ்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் முறுக்கு. வலது கை மட்டும் ஃபோனோடு மேலும் கீழும் போய்வந்தது. திரையில் ஸ்டார் ஒவ்வொன்றாக ஏறியது.

கதவைத் திறக்கவைத்து முதுகில் ஒன்று வைத்தாள். அடி வாங்கிய பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது.

“நெசமா ஆடுனா சத்தம் வருதும்மா. நடுத்தெருவுல நிக்கணும்னு நீதான சொன்ன? கைய மட்டும் ஆட்டுனாலே ஸ்டார் குடுக்குது.”

எண்ணிக்கையைக் காட்டிவிட்டால் சூப்பர்வைசர் வாயை மூடிக்கொள்வார் என்பது லைனில் நிற்கிற பாண்டிச்செல்விக்குத் தெரியாததா? வீட்டில் அந்த சூப்பர்வைசர் வேலையைத் தானேதான் பார்த்திருக்கிறாள். அடித்த கை எரிந்தது.

கோபத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே. விடுவிடுவென்று கீழே இறங்கி மாரிசெல்வத்தின் கதவைத் தட்டினாள். எங்கள் பிள்ளைக்குக் கை கால் அசைக்கக்கூட உரிமையில்லையா என்று பொரிந்து தள்ளினாள். சங்கரன்கோவில் பையன், கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. அவன் எதிர்த்துப் பேசவில்லை.

“யக்கா, நான் நிக்கது பிரஸ் மிஷின்ல. தூக்கம் கெட்டா வெரலு போயிரும்க்கா.”

அவன் சொல்வதும் நியாயம், மகள் அழுவதும் நியாயம். பாண்டிச்செல்வி கேட் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் தடவை வரும்போது திறந்த கதவு வழியாக அவன் பாய் கண்ணில் பட்டது. சிமெண்டுத் தரை. அதற்குக் கீழே யார் இருக்கிறார்கள்? மண்தானே!

“ஏ தம்பி, நீங்க மேல வாரியளா? நாங்க கீழ வந்துருதோம்.”

அவனுக்குச் சம்மதம். செங்கமலம்தான் மசியவில்லை. பசங்களை மாடியில் ஏற்றினால் கண் கொல்லைப்புறக் குளியலறைக்குத்தான் போகும் என்று பிடிவாதம் பிடித்தாள். வந்ததும் பிணமாட்டம் விழுகிறவனுக்குக் கண்ணைத் திறக்கவே தெம்பில்லை, இதில் எங்கே குளியலறையைப் பார்ப்பது என்று பாண்டிச்செல்வி சொன்னதும் செங்கமலத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாடியின் பின்பக்கத்தைத் தகரம் அடித்து மறைத்துவிட்டு ஒத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சுடலைக்கண்ணு கட்டிலைத் தலையில் வைத்து இறக்கினான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, சாயங்காலம் பாண்டிச்செல்வியே டிவியைப் போட்டாள்.

“குதிட்டி தங்கம். கீழ மண்ணுதான். ஒருத்தரும் கெடையாது.”

கனிஷ்கா ஃபோனைப் பிடித்துக்கொண்டு பொம்மையைப் பார்த்துக் குதித்தாள். முன்பாதத்தில் இறங்கி, குதிகாலை மெல்ல, பூனை மாதிரி ஊன்றினாள். அடுத்த குதியும் அப்படியே. ஏன் இப்படிப் பதுங்குகிறாய் என்று கேட்டாள் அம்மா.

“மேல அண்ணன் தூங்குறாரும்மா,” என்று கிசுகிசுத்தாள் கனிஷ்கா.

கீழே குதித்தால் மேலே கேட்காது என்று பாண்டிச்செல்வி சொல்லிப்பார்த்தாள். பிள்ளை நம்பவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவளே தொம்மென்று ஒரு குதி குதித்தாள். கனிஷ்கா பதறிப்போய்த் தளத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. மாரிசெல்வம் நல்ல தூக்கத்தில் இருந்தான்.

“கேட்டியா? ஒண்ணுமில்ல. வா, ரெண்டு பேரும் சேந்து.”

ஃபோனை வாங்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக் குதித்தாள். இரண்டு பேர் குதித்ததில் ஒருத்தியின் சத்தம்தான் கேட்டது.

“திரும்பக் குதிப்பம்,” என்றாள் பாண்டிச்செல்வி.