மூலை வெட்டிய புத்தகம்

“யாருப்பா இதக் கடிச்சது?”

விடுமுறைக்கு அருணகிரி ஊர் வந்த அன்று, அவன் பையைக் குடைந்துகொண்டிருந்த மகள் கீதாஞ்சலி கேட்டாள். அவள் கையில் அவனுடைய பழைய பாஸ்போர்ட் இருந்தது. அட்டையின் ஒரு மூலையைக் காணோம்.

“யாரும் கடிக்கலம்மா. புதுசு குடுக்கறப்ப பழசோட மூலைய வெட்டிடுவாங்க. இனிமே செல்லாதுன்னு அடையாளம்.”

அதோடு அவன் நிறுத்தியிருக்கக் கூடாது. செல்லாத அந்தப் புத்தகத்தின் உள்பக்கம் ஒன்றில்தான் மலேசியாவில் வேலை செய்வதற்கான விசா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கோலாலம்பூரில் புது பாஸ்போர்ட் கைக்கு வந்த மறுவாரமே லீவும் கிடைத்ததால், விசாவைப் புதியதற்கு மாற்ற நேரம் இருக்கவில்லை. “ரெண்டு புக்கையும் கூடவே வச்சிருங்கண்ணே. வந்ததும் மாத்திக்கலாம்” என்று கம்பெனி ஆபீஸ் ஷோபனா சொல்லி அனுப்பியிருந்தாள். இதையெல்லாம் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. அடுப்பில் களி கிளறிக்கொண்டிருந்த மனைவி தேவயானியின் காதில் ‘செல்லாது’ என்பது மட்டும் விழுந்தது.

முப்பத்தாறு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை தகரப் பெட்டியைத் திறந்தான். வியாழன் இரவு சென்னையில் விமானம். புதுசு இருந்தது. பழசு இல்லை.

“அதுவா? சாமை மூட்டையில இருக்குதுங்க” என்றாள் தேவயானி. “பெட்டியில கரையான் ஏறுச்சு இல்ல? புதுசை கவர்ல போட்டு வச்சேன். பழசு செல்லாதுன்னீங்க. இருந்தாலும் உங்க மூஞ்சி இருக்குதே, தூக்கிப் போட மனசு வரல. சாமைக்குள்ள சொருகிட்டேன்.”

மலையூர்கள் சேர்ந்த நெல்லிவாசல் நாட்டில் இது புதிதல்ல. பட்டா, ரேஷன் கார்டு என்று பூச்சி அரிக்கக் கூடாத காகிதத்தையெல்லாம் சாமைக்குள்தான் வைப்பார்கள். சாமையைப் பூச்சி தொடாது.

“எந்த மூட்டை?”

அவள் சுவரோரம் திரும்பினாள். மூன்று மூட்டை இருந்த இடத்தில் இரண்டு இருந்தன. இரண்டையும் பாயில் கொட்டி, தவழ்ந்து தவழ்ந்து துழாவினார்கள். கடைசியில் தேவயானி சாமைக் குவியலின் நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

“சின்னக்குழந்தை மாமா வூட்டுக்கு அனுப்பினதுல போயிருக்கும்.”

ஒன்பது நாளுக்கு முன் பக்கத்து ஊரில், மாமா முறையான சின்னக்குழந்தையின் மனைவி காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். சாவு விழுந்த வீட்டுக்கு ஒவ்வொரு வீடும் கேட்காமலே தானியம் அனுப்பும். அனுப்பியதைப் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது. அதைத் திரும்பக் கேட்பது செத்தவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குச் சமம் என்பார்கள். தேவயானி குப்பனின் ஜீப்பில் ஒரு மூட்டையை ஏற்றி அனுப்பியிருந்தாள். அவசரத்தில் எந்த மூட்டை என்று பார்க்கவில்லை.

செருப்பைக்கூடப் போடாமல் அருணகிரி பாறை மேட்டுக்கு ஓடினான். அங்கேதான் போனுக்கு சிக்னல் வரும்.

“பழசு இல்லாம வந்தா இன்னா ஆவும்மா?”

“வெளையாடாதீங்கண்ணே” என்றாள் ஷோபனா. “ஸ்டிக்கர் அதுலதானே இருக்கு? ஏர்போர்ட்லயே நிறுத்திருவாங்க. இருபத்தெட்டாந்தேதியோட உங்க வேலை பெர்மிட்டும் முடியுது. அதுக்குள்ள இமிகிரேஷன்ல ரெண்டு புக்கையும் காட்டி மாத்தியாகணும். இல்லாட்டி எல்லாம் முதல்லேருந்து. கம்பெனியில இப்ப புது ஆளும் எடுக்கறதில்ல. தெரியும்ல?”

தெரியும். கீதாஞ்சலி திருப்பத்தூரில் படிப்பது அந்த வேலையால்தான். சின்னக்குழந்தையின் ஊருக்குக் குறுக்காகப் போகும் இரண்டு மைல் ஒற்றையடிப் பாதையில் நடந்துகொண்டே கேட்பதற்கான வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தான். எப்படி அடுக்கினாலும் அது சாவு வீட்டில் போய்க் கேட்பதாகவே இருந்தது.

பந்தலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சின்னக்குழந்தை ஒன்பது நாள் தாடியோடு சுவரில் சாய்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மூட்டைகள். மூன்றாவதாக இருந்தது அவர்களுடையது. தேவயானியின் பழைய புடவைக் கிழிசலில், பச்சைக் கரை தெரிய, வாய் கட்டியபடியே இருந்தது. இன்னும் அவிழ்த்ததாகத் தெரியவில்லை. பத்தடி தூரத்தில் இருந்தது. ஒரு நிமிடம் போதும்.

வரக்காப்பி வந்தது. அவன் பார்வை டம்ளருக்கும் மூட்டைக்கும் போய்ப் போய் வந்தது. காலை மாற்றி மாற்றி மடக்கினான்.

“இன்னாடா மலேசியாக்காரா, எறும்புப் புத்து மேல உக்காந்த மாதிரி நெளியற?” என்றார் ஒருவர்.

“சேர் போட்டாத்தான் உக்காருவாரு போல” என்றார் இன்னொருவர். சின்னக்குழந்தைகூட லேசாகச் சிரித்தார்.

பிறகு அவர் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். காய்ச்சல் மூன்றாம் நாள் ஏறியது, ஜீப் வருவதற்குள் அவள் அவரிடம் தண்ணீர் கேட்டது, குடித்துவிட்டு, “ஆட்டை அவுத்து வுட்டியா?” என்று விசாரித்தது. இதை ஒன்பது நாளாக அவர் பலரிடம் சொல்லியிருப்பார். ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் புதிதாக எடுத்து வைப்பதுபோல் சொன்னார். அடக்கத்தன்று வந்ததோடு தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது அருணகிரிக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றும் தனக்கு ஒன்று வேண்டுமென்றுதான் வந்திருக்கிறான்.

அவன் எழுந்தான். கேட்கக் கூடாது என்று முடிவு செய்து எழவில்லை. கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். சாவு வீட்டில் ‘வர்றேன்’ என்று சொல்ல மாட்டார்கள். எதுவும் சொல்லாமல் பாதையில் இறங்கினான்.

புளியமரத்தடியில் பின்னாலிருந்து குரல் வந்தது. துக்கக்காரர் அந்த மரம் வரைதான் வரலாம்.

“கேக்காமலே போற.”

“இன்னாத்த மாமா?”

சின்னக்குழந்தை துண்டில் சுற்றியிருந்ததை நீட்டினார். மூலை வெட்டிய புத்தகம்.

“மூட்டைய அவுத்தேன். உன் மூஞ்சி என்னைப் பாத்துச்சு. இத மட்டும் எடுத்துக்கிட்டு மூட்டையத் திருப்பிக் கட்டி வச்சிட்டேன். வேற இன்னா காயிதம் உள்ள இருக்குதோ, அடுத்தவங்க மூட்டையில கைய வுட்டுத் துழாவ முடியுமா? கருமாதி வரைக்கும் நான் எல்லை தாண்டக் கூடாது. யார்கிட்டயாவது குடுத்தா கை மாறி கை மாறிக் காணாமப் பூடும், சொல்லி வுட்டா ஊரே பேசும். நீயே வருவேன்னு இருந்தேன்.”

“எப்ப பாத்தீங்க?”

“ஆறு நாளாச்சு.”

“ஆறு நாளா வர்றவங்களுக்கு இன்னா போட்டீங்க?”

“கேவுரு மாவு இருந்துச்சு. களி கிண்டினோம்.”

அருணகிரி புத்தகத்தைத் திறந்தான். ஸ்டிக்கர் இருந்தது. மடிப்பில் நாலு சாமை மணி ஒட்டியிருந்தது.

“சாவு வூட்டுக்குக் குடுத்ததக் கேக்கக் கூடாதே, மாமா.”

“சாமை நீ குடுத்தது. இது வழி தப்பி வந்தது. மூட்டையில வேற ஒண்ணும் இல்லியே? அப்ப இன்னிக்கி அவுத்துடறேன்.” அவர் திரும்பி நடந்தார்.

திரும்பும் வழியில் அவருடைய நிலம். சாமை கதிர் வாங்கியிருந்தது. ஆனால் வேலியில் மூன்று இடத்தில் காட்டுப்பன்றி புகுந்த ஓட்டை. ஒரு மூலை முழுக்க உழுதுபோட்டது போலக் கிடந்தது. துக்கக்காரர் கருமாதிக்கு முன் நிலத்தில் கால் வைக்க மாட்டார். இன்னும் ஏழு ராத்திரி இருந்தது. அருணகிரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சாமான் கட்ட வேண்டிய ஞாபகம் வந்து வீட்டுக்கு நடந்தான்.

புத்தகம் கிடைத்தும் அன்று அவன் மனம் அடங்கவில்லை. தேவயானி காளியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டாள். ஆண்டவன் ஒரு மனிதன் கையால் கொடுத்ததற்குக் கற்பூரத்தோடு கணக்குத் தீர்ந்துவிடுமா என்று அவன் விழித்துக் கிடந்தான்.

புதன்கிழமை ஜீப் எட்டு மணிக்கு. விடிந்ததுமே அவன் கிளம்பிவிட்டான்.

“இன்னாங்க இவ்ளோ சீக்கிரம்?”

“ரோட்டுல போய் நிக்கறேன். வூட்டுல உக்கார முடியல.”

அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக அந்த நிலத்துக்குப் போனான். பன்றிகள் இழுத்துப் போட்டிருந்த முள்ளைத் திரும்ப இழுத்து வந்தான். ஓடையிலிருந்து கல் உருட்டி ஓட்டைகளின் அடியில் அடைத்தான். இரண்டு ஓட்டையில் முள் அப்படியே நின்றது. மூன்றாவதில் நிற்கவில்லை, கட்ட எதுவும் இல்லை. அட்டைப்பெட்டியைச் சுற்றியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து முள்ளைக் கம்போடு இறுக்கிக் கட்டினான். கயிறு வெளியே தெரியாமல் இன்னொரு கிளையை இழுத்து மூடினான். நிலத்தில் அவனைத் தவிர யாரும் இல்லை. ஓடையில் கையைக் கழுவிக்கொண்டு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். இரண்டு புத்தகமும் இருந்தன.

குப்பன் ஜீப்பை நிறுத்தியபோது அவன் ரோட்டில் நின்றிருந்தான்.

“இன்னாண்ணா, மலேசியா போற பெட்டிக்கு ஒரு கயிறு கட்டக் கூடாதா? புளியெல்லாம் கொட்டிடப் போவுது.”

“கொட்டாது” என்றான் அருணகிரி. “மடியில வச்சிப் புடிச்சிக்கறேன்.”