பொன்னுதுரை கையில் ஒரு பட்டை

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். கூலி கான்ட்ராக்டர் பொன்னுதுரை எனக்குத் தர வேண்டியது அது. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுத் தோணிக்கு வெங்காயம் ஏற்றும்போது மூட்டை அடுக்கு சரிந்து என் கால் முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவு தருகிறேன் என்றவன், பில்லை நீட்டியதும், "குடிச்சிட்டு வந்து விழுந்துட்டு எங்கிட்ட துட்டு கேக்கான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். நான் குடிப்பதில்லை. என் வீட்டுக்காரி பேச்சித்தாய் கம்மலை விற்றுப் பில்லைக் கட்டினாள்.

நொண்டிக்கு வேறு யார் வேலை தருவார்கள்? அரைக்கூலிக்கு அவனிடமே மூட்டை வாய் தைத்தேன்.

போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து ஜெப்ஸி என்ற பெண் இரண்டு கைப்பட்டைகளோடு பொன்னுதுரையிடம் வந்தாள்; ஒன்று அவனுக்கு, ஒன்று கூலியாள் ஒருவனுக்கு. "இதக் கட்டியிருக்கவரு நெஞ்சு படபடன்னு அடிச்சா, அது உங்க கைய இறுக்கும் அண்ணாச்சி. வேல செய்யுதவங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியணும்லா." வேலை நேரம் முழுக்கக் கழற்றாமல் இருந்தால் கம்பெனி அவனுக்கு நாளொன்றுக்கு மூவாயிரம் தரும்.

"சுமக்குதவன் வேண்டாம். தைக்குத மாடக்கண்ணுக்கு மாட்டும்மா, எனக்கு நோகாது" என்றான் பொன்னுதுரை.

மத்தியானம் அவன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தான். குடிச்சிட்டு வந்து விழுந்தான் என்ற அந்தச் சொல் எனக்கு நினைவு வந்தது. நெஞ்சு அடித்தது. அவன் கையிலிருந்த கறி மண்ணில் விழுந்தது.

அதற்குப் பிறகு அதுதான் என் வேலை. அவன் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சித்தாயின் வெறுங்காதை நினைப்பேன். துள்ளுவான். கழற்ற மாட்டான், மூவாயிரம் போய்விடுமே.

"ஏலே, சும்மாதான இருக்க? அப்படி என்னத்தலே நெனைக்க?"

"உங்களத்தான் அண்ணாச்சி."

"பாசம் அண்ணாச்சி, பாசம்" என்றான் மூட்டை சுமந்து வந்த சுடலைக்கண்ணன். தோணிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

கடைசியில் மணிக்கட்டு வீங்கிப்போய் வந்து, நோட்டுக் கட்டை என் முன்னால் போட்டான். "எண்ணிக்கோ. இனி என்னய நெனைக்காத."

நான் தொடவில்லை. "எல்லாருக்கும் கேக்க சொல்லுங்க. அன்னைக்கு நான் குடிச்சிருந்தேனா?"

பட்டை இறுக்கியிருக்க வேண்டும். பல்லைக் கடித்தான். "இல்லலே! மூட்டை சரிஞ்சுதான் விழுந்த. போதுமா?"

எண்ணினேன். நாற்பது ரூபாய் வரை சரியாக இருந்தது. கடன் தீர்ந்தது. பேச்சித்தாய் முகம் எப்படி மலரும் என்று நினைத்தேன்.

"யம்மா!" என்று கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "அதான் குடுத்துட்டம்லா! இன்னும் என்னலே கோவம்?"

"கோவம் இல்ல அண்ணாச்சி. சந்தோசம்."

பட்டைக்கு இரண்டும் ஒன்றுதான் போல. வேலை முடிய இன்னும் நேரம் கிடந்தது. நோட்டுகளை முதலிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தேன்.