அசல் அயர்லாந்துச் சுவெற்றர்

இத்தாலியின் பலெர்மோத் தமிழர் வரலாற்றில், அயர்லாந்து மண்ணில் முதன்முதலாகக் கால் பதித்தவர் திருவாளர் கோபாலசிங்கம் அவர்களே என்பதை எவரும் மறுக்க முடியாது. மறுக்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய மனைவி சந்திரமதி. அவர் அயர்லாந்தில் நின்ற காலம் முழுவதும் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான்.

தொண்ணூறாம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பலெர்மோவுக்கும் வரப்போகிறது என்றதும், கோபாலசிங்கம் வேலை செய்த வீட்டின் எசமான் தொத்தோரே சத்தத்துக்குப் பயந்து, யூன் மாதம் முழுவதும் குடும்பத்தோடு அயர்லாந்தில் கழிப்பதென்று முடிவெடுத்தார். பெட்டி தூக்க ஆள் வேண்டும், கோபாலசிங்கமும் வரட்டும் என்றார். அன்று மாலையே ஊருக்கெல்லாம் செய்தி போய்விட்டது. பெட்டி விஷயம் மட்டும் போகவில்லை.

"தொத்தோரேக்கு இங்கிலீசு ஓடாது. நான் இல்லாட்டில் அந்தாள் அங்கை தண்ணி வாங்கிக் குடிக்காது" என்றுதான் கோபாலசிங்கம் சொல்லித் திரிந்தார்.

சனம் மாலை போட்டு வழியனுப்பியது. வடையும் கொடுத்தது. பேரின்பநாயகம் உரை நிகழ்த்தினார். அவர் பெருத்த உடம்பும் அதைவிடப் பெருத்த செல்வாக்கும் உள்ளவர். புதிதாகத் தொடங்கவிருந்த பலெர்மோத் தமிழர் ஒன்றியத்துக்கு அவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்தான் தலைவர்.

"உலகம் பாத்த ஒராள்தான் தலைவராய் வரவேணும். தம்பி கோபாலசிங்கம், வரேக்கை எனக்கொரு அசல் அயர்லாந்துச் சுவெற்றர். கையாலை பின்னினது. மிசின் வேலையெண்டால் தொட்டுப் பாத்தே சொல்லிப்போடுவன், கண்டியோ!"

ஆக, தலைமைப் பதவி ஒரு சுவெற்றரில் தொங்கியது. ஊரில் கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்தவர் கோபாலசிங்கம். இங்கே வந்த நாள் முதல் "கோப்பால், நாய்!" "கோப்பால், குப்பை!" என்ற இரண்டு கூப்பாடுதான். ஒரே ஒரு தடவை யாராவது ஒலிவாங்கியைப் பிடித்து "தலைவர் அவர்களே" என்று சொல்லக் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு.

மறுநாள் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கைக்கு வரும்வரை விண்ணப்பித்த துண்டை வைத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேற முடியாது என்றார்கள். தொத்தோரே குடும்பம் போனது. கோபாலசிங்கம் நாயோடு நின்றார். நாயின் பெயர் பரோனே; பிரபு என்று பொருள்.

"போகேலாமல் போச்செண்டு சொல்லுங்கோவன், இதிலை என்ன வெக்கம்?" என்றாள் சந்திரமதி.

"மாலை போட்டாச்சு."

"மாலையைக் கழட்டிப்போட்டுச் சொல்லுங்கோ."

"வடையும் திண்டாச்சு, இஞ்சேரும்!"

ஆகவே தொத்தோரேயின் வீட்டு யன்னல்களைச் சாத்திக்கொண்டு கோபாலசிங்கம் அயர்லாந்தில் வாழ்ந்தார். உச்சி வெயிலில் மட்டும், தமிழ்ச்சனம் எல்லாம் தங்கள் எசமானிச் சிஞ்ஞோராமாருக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, தொத்தோரேயின் பனாமாத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நாயை வெளியே கூட்டிப்போவார்.

அவர் அயர்லாந்துக்குப் போகவில்லை என்பது எப்படித் தெரிந்ததோ, அயர்லாந்து பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தது. அந்த நாட்டு அணிக்கு இங்கே இரண்டு ஆட்டங்கள். வியா மக்வேதாத் தெரு முழுவதும் பச்சைச் சட்டைகள். ஒவ்வொருவனும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவு. வெயிலில் அவித்த நண்டு நிறத்துக்கு வந்திருந்தார்கள். அப்படியும் பாட்டு நிற்கவில்லை.

அவர்களில் செம்பட்டைத் தலையன் ஒருவன் கோயில் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். பரோனே போய் அவன் காலை நக்கியது. கோபாலசிங்கத்தின் கண் அவன் இடுப்புக்குப் போனது. அங்கே, சடைசடையாகப் பின்னிய, பால்நிறக் கம்பளிச் சுவெற்றர் ஒன்று கட்டியிருந்தது.

"மிசின் வேலையோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவனுடைய அம்மா கையால் பின்னியதாம். வெளிநாடென்றால் குளிரும் என்று சொல்லிக் கட்டிவிட்டாளாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு பின்னலாம். மீன்பிடிக்கப் போனவன் கடலில் மூழ்கி எங்காவது ஒதுங்கினால், சட்டையின் பின்னலைப் பார்த்தே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

குலம் கோத்திரம் சொல்லும் சட்டை! கோபாலசிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. விலை கேட்டார். அவன் விலை சொல்லவில்லை. வெந்துபோன தலையைத் தடவியபடி அவருடைய தொப்பியையே பார்த்தான். அவர் தொத்தோரேயை ஒருகணம் நினைத்தார். ஒன்றியத்தை இருகணம் நினைத்தார். தொப்பி கைமாறியது.

சுவெற்றரில் ஆட்டு மணமும் பியர் மணமும் வியர்வை மணமும் இருந்தன. "பச்சைத் தண்ணியிலை மெல்ல அலம்பி நிழலிலை போடுங்கோ" என்று சந்திரமதி சொல்லிவிட்டுத்தான் போனாள். பேரின்பநாயகத்துக்குக் கொடுக்கும் சாமானை அலம்பிக் கொடுப்பதா? கோபாலசிங்கம் அதை மிசினில் போட்டு, கட்டில் விரிப்புகளை அவிக்கிற சூட்டில் திருகிவிட்டார்.

வெளியே வந்தது, அரிவரி வகுப்புப் பிள்ளைக்கு அளவாக இருந்தது.

சந்திரமதி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "பேரின்பம் அண்ணையின்ரை ஒரு காலுக்குப் போடலாம்."

"பகிடி விடாமல் அந்தப் பக்கம் பிடியும்!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். உடம்பு அசையவில்லை, கைகள் மட்டும் நீண்டன.

வியாழக்கிழமை பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கெல்லாம் ஓய்வு. பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பாதிரியார் கொடுத்த அறையில் ஒன்றியத்தின் தொடக்கக் கூட்டம். கோபாலசிங்கம் கோட்டுப் போட்டு வந்தார். தனியே விட்டால் ஊளையிடும் பரோனேயை வாசலில் கட்டினார். நாய்க்குச் சுகமில்லையென்று தன்னை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள் என்று விளக்கமும் கொடுத்தார். பிறகு அயர்லாந்தைப் பற்றி உரையாற்றினார். பச்சைப் புல், மழை, பண்பான மக்கள். முடிவில் சட்டையின் குலப்பெருமைக்கு வந்தார்.

மன்னாரில் தலைமுறையாகக் கடற்றொழில் செய்த குடும்பத்து ஜோக்கிம் எழும்பினான். "அண்ணை, ஒரு கேள்வி. கடலுக்குப் போறவன் தாழாமல் இருக்கவெல்லோ வழி பாக்கவேணும். தாண்டு செத்தாப் பிறகு அடையாளம் பிடிக்கவோ அம்மாமார் பின்னித் திரியினம்?"

"இரும், இரும்" என்று பேரின்பநாயகம் அவனை அடக்கிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். தூக்கிப் பிடித்தார். முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார்.

"என்னடாப்பா, இது பொம்மைக்கோ?"

"அங்கத்தையான் சனம் சின்னன், அண்ணை. எலும்பே சின்னன்."

அந்த நேரம் பார்த்து யன்னலுக்கு வெளியே, அன்றிரவு ஆட்டத்துக்குப் போகும் மலை மலையான ஆட்கள் பாட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இவை ஆர்?" என்றாள் ஜோக்கிமின் மனைவி மாக்கிரட்.

"இவை... மச்சுக்கெண்டு தெரிஞ்செடுத்து அனுப்பின ஆக்கள்."

பேரின்பநாயகத்துக்கு இப்போது தன் மானமும் பிரச்சினை. அயர்லாந்துச் சுவெற்றர் வருகிறதென்று அவரும் பலரிடம் சொல்லி வைத்திருந்தார். "கம்பளி இழுபடும்" என்று சொல்லித் தலையை உள்ளே விட்டார். தலை போனது, திரும்பி வரவில்லை. இரண்டு கையும் வானத்தைப் பார்த்தபடி நிற்க, கம்பளிக்குள்ளிருந்து கம்பீரமான குரல் வந்தது:

"அசல்தான்... மிசின் வேலையில்லை... தலைவர் பதவிக்குத் தம்பி கோபாலசிங்கத்தை நான்..."

வாசலில் பரோனே சந்தோசமாகக் குரைத்தது. செம்பட்டைத் தலையன் நாயைக் கண்டு, அதன் காதைச் சொறிந்து, பனாமாத் தொப்பியோடு குனிந்து உள்ளே வந்தான். கோபாலசிங்கத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். ஆங்கிலத்தில் ஏதோ மளமளவென்று சொன்னான்.

கூட்டத்தில் கோபாலசிங்கத்தைவிட்டால் ஆங்கிலம் தெரிந்தவர் பேரின்பநாயகம் மட்டுந்தான்.

"அண்ணை, என்னவாம்?" என்று ஜோக்கிம் சுவெற்றரைப் பார்த்துக் கேட்டான்.

சுவெற்றர் மொழிபெயர்த்தது. "நாய் கூட்டித் திரியிற ஐயா எண்டுறான்... வந்த நாளிலையிருந்து ஒவ்வொரு மத்தியானமும் வியா மக்வேதாவிலை இவரைக் காணுறவனாம்..." சுவெற்றர் ஒருமுறை இருமியது. "தொப்பிக்கு நன்றியாம்."

அப்போதுதான் அவன் பின்னலைக் கண்டான். கிட்ட வந்து விரலால் தடவிப் பார்த்தான். "மம்மி!" என்று அலறினான்.

"இதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், அண்ணை" என்றாள் மாக்கிரட்.

அவனே இழுத்துப் பேரின்பநாயகத்தை வெளியே எடுத்தான். கைக்குள் அடங்கிய சட்டையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கோபாலசிங்கத்தின் தோளில் ஆறுதலாகத் தட்டி, அதை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனான். தொப்பியைக் கொடுக்கவில்லை.

தலைவராகப் பேரின்பநாயகமே ஏகமனதாகத் தெரிவானார். கோபாலசிங்கத்துக்குக் கதிரை அடுக்கும் பொறுப்புக் கிடைத்தது.

மாத முடிவில் தொத்தோரே குடும்பம் திரும்பி வந்தது. உடுப்பு அலுமாரியில் சுவெற்றரைக் கண்ட சிஞ்ஞோரா, அது பரோனேக்கு வாங்கியதென்று நினைத்துக் கோபாலசிங்கத்துக்கு நன்றி சொல்லி, நாய்க்கு அதைப் போட்டுப் பார்த்தாள்.

நாய்க்கும் அது இறுக்கம்.