வரலக்ஷ்மியை நீக்கவா?

1

திருப்பதியில் ஒரு பியூட்டி பார்லர். தலையில் மருதாணியை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ ஒருத்தி கேட்டாள்: "ஒருதரம் அழிச்சா அழிச்சதுதானாக்கா?" முகம் பார்க்கவில்லை. எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். இதுவும் அப்படி வந்ததுதான். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

'பாலசமுத்திரத்திலிருந்து விடிகாலைப் பேருந்தில் வந்த கன்னிகாவின் கண்களில் கனவுகள்—'

(வேண்டாம். நாற்பது வயதுக்காரி. பஸ்ஸில் தூங்குவாள்.)

மறுபடியும். ஹேர் டை கலந்து கலந்து கன்னிகாவின் கைத்தோல் வெடித்துவிட்டது. இனி அதைத் தொடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். முதலாளி மஞ்சு அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

"புக்கிங், பில்லு, மெசேஜு. இந்த மாசத்துக்குள்ள கத்துக்கோ. இல்லன்னா வேற ஆள வெச்சிக்கினுதான் ஆவணும். ஏமனுக்கோகு, தப்பா நெனச்சிக்காத."

"மௌஸு நா சொன்ன பக்கம் போவ மாட்டேங்குதுக்கா."

"உன் வூட்டுக்காரன் மட்டும் போறானா? பழகு."

3

கம்ப்யூட்டரில் பெயர் இருக்கிறவரை அது தானாகவே மெசேஜ் அனுப்பும். 'வரலக்ஷ்மி மேடம், உங்களைப் பார்த்து நாளாச்சு. உங்கள் கூந்தலுக்குச் சலுகை காத்திருக்கு.'

வரலக்ஷ்மி தை மாதம் புற்றுநோயில் போய்விட்டாள். நம்பர் கேட்டால் வீட்டுக்காரர் நம்பரைச் சொல்வதுதான் இங்கே பல பெண்களுக்கு வழக்கம். மெசேஜ் அவள் கணவர் தேசிகனுக்குப் போனது. பெருமாள் கோயில் கைங்கர்யக்காரர். அவர் தம்பி பார்லருக்குப் போன் போட்டுக் கத்தினார்: "போனவாளுக்குச் சலுகையா?"

"பேர எடுத்துடு" என்றாள் மஞ்சு.

கன்னிகா யாரையும் கேட்காமல் தானே தேடிக் கண்டுபிடித்தாள். 'நீக்கவா? திரும்பப் பெற முடியாது' என்றது திரை. 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

"அக்கா, நானே எட்த்துட்டேங்கா!"

"சபாஷ்! இனிமே அந்தச் சீட்டு உன்னுதுதான், போ."

(இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. எந்தப் பத்திரிகையும் போட்டுக்கொள்ளும்.)

4

மறு வாரம் தேசிகன் வந்தார். ஆண்கள் உள்ளே வருவதில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். (பார்லருக்குச் செருப்பைக் கழற்றுவார்களா? கோயில் பழகிய கால், அதற்குத் தெரியாது.)

"மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி அவ இங்க வந்து முடிய வெட்டிண்டா. அதுக்கு முன்னாடி பின்னல் போட்டுவிட்டு, பின்னாலேர்ந்து போட்டோ எடுத்தேளாமே?"

"நாந்தான் சாமி எடுத்தேன். வெட்னதும் நாந்தான்."

"கம்ப்யூட்டர்ல இருக்கு, போய்ப் பாருங்கோன்னு சொன்னா. சுமங்கலி தலைல கத்திரி வெச்சிண்டு வந்துட்டியேன்னு எனக்குக் கோபம். பாக்க மாட்டேன்னுட்டேன். அவ கேட்டுக் கேட்டுப் பாத்து விட்டுட்டா." வாசலிலிருந்தே கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். "இப்ப ஒருதரம் பாத்துட்டுப் போயிடறேம்மா."

பெயரை நீக்கினால் போட்டோவும் சேர்ந்து போய்விடும் என்று கன்னிகாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

5

ஒரு முடிவு: "இன்னிக்கி நெட்டு இல்ல சாமி, நாளைக்கி வாங்க." நாளைக்கு வருவார். அதற்கு மறுநாளும் வருவார்.

இன்னொன்று: வேறு ஒருத்தியின் பின்னலைக் காட்டுகிறாள். முதுகுப்பக்கம்தானே. அவர் கண்டுபிடித்துவிட்டால் கொடுமை. கண்டுபிடிக்காமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனால், அதைவிட.

மூன்றாவது, உண்மை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

"நா பேரத்தான் சாமி எடுத்தேன்… கூடவே அதுவும்…"

அதற்கு அவர் என்ன சொன்னார்? எத்தனை நாள் காது கொடுத்தும் எனக்குக் கேட்கவில்லை.

ஆகவே இந்த மூன்றில் எது என்பதை உங்களிடம் விடுகிறேன். எதைச் சொல்வதானாலும் என்னிடம் வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.