மூன்று நொடிக்கு ஓர் அடி

ஆயுதங்களுக்கு எண் போடுவதுதான் அவள் வேலை. கணினி விளையாட்டு தயாரிக்கும் கம்பெனியில் பதினோரு வருடமாக அதே நாற்காலி. பூதங்களும் மந்திரவாதிகளும் திரிகிற ஒரு கற்பனை உலகத்தில் எந்த வாளுக்கு எவ்வளவு வேகம், எந்தக் கோடரிக்கு எவ்வளவு பலம் என்று முடிவு செய்கிறவள் என்பதால் ஆபீஸில் எல்லோருக்கும் அவள் 'தராசு'. அவளுக்கும் அது பழகிப்போயிருந்தது.

அவள் தம்பி கார் மெக்கானிக். முப்பத்திரண்டாவது வயதில் ஒருநாள் ஸ்பானர் அவன் கையிலிருந்து தானாக நழுவியது. மறுவாரம் காபிக் கோப்பை. பிறகு சட்டைப் பொத்தான் மாட்ட முடியவில்லை. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, நிறுத்த வழியில்லை என்று டாக்டர் மேசையைப் பார்த்தபடியே சொன்னார். தம்பி ஒர்க்‌ஷாப்பை விட்டுவிட்டு அக்கா வீட்டு முன்னறைக்குக் குடிவந்தான். பொழுதைத் தள்ள வேண்டுமே என்று அவள் கம்பெனி விளையாட்டையே ஆட ஆரம்பித்தான்.

அதில் அவன் எடுத்தது ஆள் உயரச் சம்மட்டி.

"ஏண்டா இதைத் தூக்கிட்டு அலையுற? குறுவாள்னா சுறுசுறுப்பா இருக்குமே" என்றாள்.

"குறுவாளுக்கு நொடிக்கு மூணு தடவை அழுத்தணும்க்கா. இதுக்கு மூணு நொடிக்கு ஒரு தடவை போதும். என் விரல் அவ்ளோதான் தாங்குது."

அவள் பேச்சை மாற்றினாள்.

விளையாட்டில் அவனோடு இன்னும் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழு. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. காதுக்கருவி வழியாகப் பேசிக்கொள்வதோடு சரி. அவர்களுக்கு அவன் பெயர் 'மலை'. அவசரப்படாத ஆள், சமயம் பார்த்து அடிக்கிற ஆள் என்று அவன் மேல் ஒரு மரியாதை. குழுவை நடத்துகிற 'பல்லி' என்பவன், "மலை அடிச்சா அடிதான்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வான். அன்றைக்கெல்லாம் தம்பி முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். சாப்பாடு ஊட்டும்போது முகம் சுளிக்க மாட்டான்.

வினை புதுக் கவசத்தின் வடிவில் வந்தது. எதிரிகளுக்குக் கம்பெனி இரும்புக் கவசம் மாட்டியது. விழுகிற ஒவ்வோர் அடியிலும் பதினைந்தை அது விழுங்கிவிடும். குறுவாளின் அடிக்குப் பலம் நாற்பது; சம்மட்டிக்கு முந்நூற்று அறுபது. அதுவரை எதை எடுத்தாலும் நொடிக்கு நூற்றிருபது என்று கச்சிதமாகச் சமன் செய்து வைத்திருந்தாள். இப்போது குறுவாள் நொடிக்கு மூன்று பதினைந்தைப் பறிகொடுத்து எழுபத்தைந்துக்கு இறங்கியது. சம்மட்டிக்கு அது வெறும் நகக்கீறல். ஒரே மாதத்தில் ஊரே சம்மட்டியும் கையுமாகத் திரிந்தது, புகார்கள் குவிந்தன.

"கவசத்தை மாத்திடலாம் சார். தப்பு அதுலதான்" என்று மேலதிகாரியிடம் சொன்னாள்.

"மாத்தினா அந்த எதிரிங்க இருக்கற பத்துக் கோட்டையையும் திரும்பச் சோதிக்கணும். நேரமில்லை தராசு. சம்மட்டியில கை வைங்க."

இரண்டு வழி இருந்தது. வேகத்தை அப்படியே விட்டுப் பலத்தை இருநூற்று எழுபதாக்கலாம். இல்லையென்றால் பலத்தை விட்டுவிட்டு அடிக்கு நான்கு நொடி என்று வேகத்தைக் குறைக்கலாம். எண்ணில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அவள் கண்ணில் தம்பியின் ஆள்காட்டி விரல் வந்து நின்றது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அதற்கு ஒரு நொடி கூடுதலாக ஓய்வு கிடைக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தாள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் குழு ஒரு டிராகனோடு மோதியது. அவள் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். சம்மட்டி மேலே போனால் இறங்கும்வரை ஆள் நகர முடியாது. அந்தக் கூடுதல் நொடிக்குள் நெருப்பு வந்துவிட்டது. மலை செத்தான். மறுபடியும் செத்தான். மூன்றாவது தடவையும்.

"மலை, அதைத் தூக்கிப் போடுங்க. நாங்க எல்லாரும் குறுவாளுக்கு வந்துட்டோம்" என்றது பல்லியின் குரல்.

தம்பி மாறினான். பத்து நொடி தாக்குப்பிடித்தான். பிறகு விரல் மடங்கிக்கொண்டது; நிமிரவில்லை. திரையில் மலை சும்மா நின்றான்.

"என்ன மலை, தூங்கிட்டீங்களா?" என்று யாரோ சிரித்தார்கள்.

அவள் துணியைப் போட்டுவிட்டு ஒலிவாங்கியின் பக்கம் குனிந்தாள். தம்பி தலையை அசைத்துத் தடுத்தான்.

குழு அடியோடு அழிந்த பிறகு பல்லி தயங்கித் தயங்கிப் பேசினான். "வேற ஆள் பாத்துக்கறோம் மலை. தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்லை" என்றான் தம்பி.

காதுக்கருவியைக் கழற்றிவிட்டபோது அவள் கேட்டாள். "ஏண்டா சொல்ல விடலை?"

"சொன்னா பாவம்னு வெச்சுப்பாங்க. என்னைப் பாவம்னு நினைக்காத ஆளுங்க அந்த நாலு பேருதான்."

அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை. "வேகத்தைக் குறைச்சது நான்தான். உன் விரலுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்னு நினைச்சேன்."

"பலத்தைக் குறைச்சிருந்தா இன்னும் நாலு அடி கூட அடிச்சிட்டுப் போயிருப்பேன். வலிச்சாலும் அடிச்சிருப்பேன்க்கா." பிறகு மெதுவாக, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றான்.

திங்கட்கிழமை காலையிலேயே அவள் ஆபீஸில் மல்லுக்கு நின்றாள். பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பிடித்தாலே ஆயுதம் விடாமல் வீசுகிற மாதிரி ஒரு வசதி வேண்டும், கை சரியில்லாதவர்களும் ஆடுகிறார்கள் என்றாள். மேலதிகாரி மறுக்கவில்லை, வரிசையில் போட்டார். ஏழு மாதம் கழித்து அந்த வசதி வந்தது. அதற்குள் தம்பியின் இரண்டு கையும் மடியில் போட்டது போட்டபடி கிடந்தன.

ஒரு ஞாயிறு காலை அவனாகவே கேட்டான். "நீ ஆடேன். நான் சொல்றேன்."

எண் போடத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு ஆடத் தெரியாது. குறுவாளை எடுத்துக்கொண்டு அதே டிராகனின் முன் போய் நின்றாள். அவன் பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. 'விலகு' என்று அவன் வாய் சேர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் நெருப்பு அவளைத் தின்றுவிட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. அவன் வாய் சொல்லுக்காகத் திணறுவதைப் பார்க்கமுடியாமல் அவள் திரையை அணைக்கப் போனாள்.

அவன் வேண்டாம் என்பதுபோலக் கண்ணை இறுக்கி மூடித் திறந்தான்.

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள், திரை ஒரு கண்ணிலும் அவன் முகம் மறு கண்ணிலும் படுகிற மாதிரி. "இமையை மூடினா விலகறேன். புருவத்தைத் தூக்கினா அடிக்கறேன். சரியா?"

அவன் புருவத்தைத் தூக்கினான்.